வியர்வை இல்லமும் ஆற்று மொழியும்

நுழையும்முன்

குளியல் என்றால் நம் நினைவுக்கு முதலில் வருவது நீர். நெருப்பில் தொடங்கி ஆற்றில் முடியும் குளியல் ஒன்று உண்டு. அதற்கென்று ஒரு கட்டடமும், அக்கட்டடத்திற்கு ஒரு பெயரும், அதனுள் நுழைவதற்கு ஒரு வினைச்சொல்லும் கொண்ட மொழி, வட அமெரிக்க மலைப்பகுதி ஒன்றில் வழங்கிவருகிறது. ஒரு குளியலை அறிந்துகொள்ள மலையையும் ஆற்றையும் மொழியையும் சேர்த்தே அறியவேண்டியிருப்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஆறு காட்டும் திசை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலத்தில், வடமேற்கு மூலையில் கிளமாத் என்னும் ஆறு ஓடுகிறது. ஒரிகான் மாநிலத்தில் தோன்றும் இவ்வாறு, மலைகளை அறுத்துக்கொண்டு ஏறத்தாழ 420 கிலோமீட்டர் பாய்ந்து பசிபிக் பெருங்கடலில் கலக்கிறது. அதன் இடைப்பகுதியில் தொன்றுதொட்டு வாழ்ந்துவருபவர்கள் கருக் மக்கள். கடலோரம் நோக்கிய கீழ்ப்பகுதியில் யுரோக் மக்களும், திரினிட்டி என்னும் கிளையாற்றின் கரையில் ஹூப்பா மக்களும் வாழ்கின்றனர். இம்மூவரின் வீடு, உணவு, அணிகலன், சடங்கு ஆகியவை பெரிதும் ஒத்திருக்கின்றன. மொழிகளோ ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. பண்பாடு ஒன்றானால் மொழியும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணுவோர்க்கு, இப்பள்ளத்தாக்கு மொழியியலாளர் தவறாமல் எடுத்துக்காட்டும் மறுப்பாகும்.

'கருக்' என்பது முதலில் ஓர் இனத்தின் பெயரன்று. ஒரு திசையின் பெயர். அவர்கள் மொழியில் 'கருக்' என்றால் ஆற்றின் மேற்புறம். 'யுருக்' என்றால் ஆற்றின் கீழ்ப்புறம். கீழ்ப்புறத்தில் வாழ்ந்த அண்டை மக்களுக்கு யுரோக் என்னும் பெயர் வந்ததும் இச்சொல்லிலிருந்தே. ஆற்றங்கரையிலிருந்து மலைமேல் செல்லும் திசை 'மருக்'. மலையிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கும் திசை 'சருக்'. கிழக்கு, மேற்கு என்று கதிரவனைக் கொண்டு திசை சொல்லும் தேவை அவர்களுக்கு எழவில்லை. ஆறு வளையும் இடத்தில் திசையும் அதனோடு வளையும்.

தமிழர்க்கு இது முற்றிலும் புதுமையன்று. நிலம் உயர்ந்திருக்கும் பக்கத்தை 'மேல்' என்பதன் அடியாக மேற்கு என்றும், தாழ்ந்திருக்கும் பக்கத்தைக் 'கீழ்' என்பதன் அடியாகக் கிழக்கு என்றும் அழைத்தவர்கள் நாம். நிலத்தின் சரிவு நம் திசைப்பெயர்களிலும் பதிந்துள்ளது. ஆயினும் நம் மேற்கு எங்குச் சென்றாலும் மேற்குதான். கருக் மக்களின் திசையோ ஆற்றை விட்டுப் பிரியாதது.

இத்திசையுணர்வு பெயர்ச்சொற்களோடு நிற்கவில்லை. வினைச்சொல்லின் உடலுக்குள்ளேயே சென்றுவிட்டது. கருக் மொழி ஒட்டுநிலை இயல்பு மிக்கது. ஒரு வினையடியோடு பின்னொட்டு ஒன்றைச் சேர்த்து, அச்செயல் மலையிலிருந்து இறங்கி வருகிறதா, ஆற்றைக் கடந்து செல்கிறதா, நெருப்பினுள் புகுகிறதா என்பதை அம்மொழி ஒரே சொல்லில் சொல்லிவிடும். அவற்றுள் 'ஃபுருக்' என்னும் ஒட்டு, மூடிய இடத்தினுள் செல்வதைக் குறிக்கும். 'ருபுக்' என்னும் ஒட்டு, அவ்விடத்திலிருந்து வெளியே வருவதைக் குறிக்கும். உள்ளே செல்வதும் வெளியே வருவதும் தனித்தனி இலக்கண உறுப்புப் பெறும் அளவுக்கு அம்மக்களின் வாழ்வில் இடம்பெற்ற கட்டடங்கள் இரண்டு.

இரண்டு இல்லங்கள்

ஒன்று 'இக்ரிவ்ராம்', குடும்பம் வாழும் வீடு. மற்றொன்று 'இக்மஹச்ராம்'; வியர்வை இல்லம். இரு சொற்களின் இறுதியிலும் நிற்கும் 'ராம்' என்பது இடத்தைக் குறிக்கும் ஒட்டு. 'இக்ரிவ்' என்பது அமர்தல், வாழ்தல் ஆகியவற்றைக் குறிக்கும் வினையாதலால், இக்ரிவ்ராம் வாழுமிடம் ஆயிற்று.

குடும்ப வீட்டில் பெண்களும் சிறு குழந்தைகளும் தங்கினர். உணவு சமைத்தல், உண்ணல், பொருள்களைச் சேமித்தல் அனைத்தும் அங்கேதான். ஆண்களும் ஓரளவு வளர்ந்த சிறுவர்களும் வீட்டில் உண்டபின் வியர்வை இல்லத்திற்குச் சென்றுவிடுவர். உறங்குவது, உரையாடுவது, கருவிகளைச் சீர்செய்வது, சூதாடுவது எல்லாம் அங்கு நிகழும். ஆகவே அதனை வெறும் குளியலறை என்று எண்ணிவிடலாகாது. நம் ஊர்களின் திண்ணையும் சாவடியும் குளியலிடமும் வழிபாட்டிடமும் ஒரே கூரையின்கீழ் அமைந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் ஓரளவு விளங்கும்.

சிறுவன் ஒருவன் தாயின் வீட்டை விட்டு இவ்வில்லத்தில் உறங்கத் தொடங்குவது அவன் வளர்ந்துவிட்டதன் அடையாளம். பெரியோர் இருட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டபடி அவன் உறங்குவான். குல வரலாறும் வேட்டை நுட்பமும் நன்னடத்தையும் அவனுக்குப் பெரும்பாலும் அங்கேதான் வந்துசேர்ந்தன. பெண்கள் வழக்கமாக உள்ளே செல்வதில்லை. இதற்கு ஒரு விலக்கு உண்டு: மருத்துவராகத் தீட்சை பெறும் பெண்ணின் சடங்கு வியர்வை இல்லத்தில் நிகழ்ந்தது. இப்பகுதியில் நோய் தீர்க்கும் மருத்துவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஆண்களுக்குரிய இல்லம், பெண் ஒருத்தி மருத்துவராகும் காலத்தில் அவளுக்காகத் திறந்தது என்பதைக் கருதாமல், அதனைப் பெண்களை விலக்கிய இடம் என்று மட்டும் எழுதிச் செல்வது அரைகுறை உண்மையாகிவிடும்.

இரு கட்டடங்களும் தரையைத் தோண்டிப் பாதி நிலத்தடியில் அமைக்கப்பட்டவை, நீள்சதுர வடிவின. சுவரும் கூரையும் பிளந்த செடார் மரப் பலகைகளால் ஆனவை. இரும்புக் கருவி இல்லாத காலத்தில் இப்பலகைகளை மான்கொம்பு ஆப்புகளாலும் கல் சம்மட்டியாலும் பிளந்தெடுத்தனர். மண்ணுக்குள் இறங்கிய கட்டடம் ஆதலின், உள்ளே மூட்டிய வெப்பம் எளிதில் வெளியேறாது. நுழைவாயில் மிகச் சிறியது. நிமிர்ந்து செல்ல முடியாது. குனிந்து, தவழ்ந்தே செல்லவேண்டும். இங்குதான் மொழி நமக்கு ஒரு சான்று தருகிறது. கருக் மொழியில் இல்லத்தினுள் நுழைவதைக் குறிக்கும் வினை 'வோன்ஃபுருக்'. தவழ்தலைக் குறிக்கும் அடியோடு, நாம் முன்னர்க் கண்ட 'ஃபுருக்' சேர்ந்து அமைந்த சொல் அது. வீட்டின் வாயில் எத்தகையது என்பதை ஒரு வினைச்சொல்லே வரைந்து காட்டிவிடுகிறது.

நெருப்பும் நீரும்

வியர்வைக் குளியல் உலகின் பல பகுதிகளில் உண்டு. பின்லாந்து நாட்டினர் சூடேற்றிய கற்களின்மேல் நீர் தெளித்து ஆவி எழுப்புவர். வட அமெரிக்கச் சமவெளி மக்கள் வளைத்த கொம்புகளால் குடில் அமைத்து, தோலால் போர்த்தி, உள்ளே பழுத்த கற்களை வைத்து நீர் ஊற்றுவர். நம் சித்த மருத்துவம் கூறும் வேது பிடித்தலும் ஆவியைக் கொண்டதே. கருக் மக்களின் முறை இவற்றினின்றும் வேறு. அங்கே ஆவியில்லை, கற்களின்மேல் நீர் ஊற்றும் வழக்கமும் இல்லை. இல்லத்தின் உள்ளேயே நெருப்பு மூட்டி, அதன் நேரடி வெப்பத்தில் வியர்ப்பதே கிளமாத் பள்ளத்தாக்கின் வழக்கம். ஆவிக் குளியலைப் பற்றிப் படித்துவிட்டு, கருக் குளியலையும் அதனுள் அடக்கி எழுதும் பிழை நூல்களில் அரிதன்று.

குளியலுக்கான விறகிலிருந்தே சடங்கு தொடங்குகிறது. வீட்டு அடுப்பு விறகு வேறு. வியர்வை இல்லத்து விறகு வேறு. பின்னதற்காக ஆண்கள் மலைமேல் ஏறுவர். அம்மலையேற்றமே ஒரு நோன்பு. ஏறும்போதும் கிளைகளை வெட்டும்போதும் சுமந்து இறங்கும்போதும் மனம் ஒருநிலைப்பட்டிருக்க வேண்டும்; வேண்டுவது இன்னதென்று உள்ளத்தில் நிறுத்தவேண்டும். வேட்டையில் வெற்றி, செல்வம், நல்வாழ்வு ஆகியவை விரும்பி வேண்டப்பட்டன. கிழங்குபோல் நீண்ட வெண்மையான கடற்சிப்பி அம்மக்களின் நாணயம். அச்செல்வத்தையும் விறகு சுமக்கும் நோன்பால் ஈர்க்கலாம் என்று நம்பினர். செல்வத்திற்காக வேண்டுவதும் உடலை வருத்துவதும் அவர்களுக்கு முரணாகத் தோன்றவில்லை. உழைக்காதவனிடம் செல்வம் தங்காது என்னும் எண்ணமே அதன் அடிப்படை.

பின்பு நெருப்பு மூட்டி, ஆடையின்றி உள்ளே அமர்ந்து வியர்ப்பர். நம் உடல் வெப்பமடையும்போது தோலின் குருதிக்குழாய்கள் விரிகின்றன. வியர்வைச் சுரப்பிகள் நீரை வெளியேற்றுகின்றன. அந்நீர் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. மூடிய வெப்ப அறையில் வியர்வை விரைந்து ஆவியாகி முடிவதில்லை, வழிந்தோடுகிறது. உடலைத் தேய்த்துத் தூய்மை செய்துகொள்வர். வேண்டுதல் உரைகளைச் சொல்வர். பின்பு வெளியே வந்து, சரிவில் இறங்கி ஆற்றில் மூழ்குவர். மலையிலிருந்து பனி உருகி வரும் நீர், குளிர்காலத்தில் எப்படியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. குளித்தபின் ஓய்ந்திருப்பதும் குளியலின் ஒரு பகுதியே.

ஒருமுறை இப்பகுதியை வகுப்பில் விளக்கியபோது, "ஆற்றில்தான் குளிக்கிறார்கள் என்றால் முன்னதாக வியர்ப்பது எதற்கு?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான வினா. வேட்டைக்குச் செல்பவன் வியர்த்து நீராடாமல் செல்லமாட்டான் என்பதே அதற்கு விடை. அவன் உணவைக் கட்டுப்படுத்துவான், மனைவியைப் பிரிந்திருப்பான். மனித வாடை படிந்த உடலை மான் தொலைவிலேயே உணர்ந்துவிடும் என்பது ஒரு காரணம். தூய்மையற்றவனுக்கு மான் தன்னைக் கொடுக்காது என்பது அவர்கள் கூறும் மற்றொரு காரணம். உடல் தூய்மையும் உள்ளத் தூய்மையும் அங்கே வேறுவேறாகப் பிரிக்கப்படவில்லை. வியர்வை இல்லம் இரண்டிற்கும் பொதுவானது.

வேண்டுதல் உரைகளைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். அவை "எனக்கு இதைத் தா" என்று கேட்கும் வாய்பாட்டில் அமைந்தவையல்ல. மனிதர் தோன்றுவதற்கு முன் இவ்வுலகில் 'இக்ஹரேயவ்' எனப்படும் முன்னோர் உயிர்கள் வாழ்ந்தன என்பது கருக் மரபு. அவர்களுள் ஒருவர் இன்ன இடத்தில், இன்ன துன்பம் நேர்ந்தபோது, இன்னது செய்து வெற்றி பெற்றார் என்னும் கதையையே உரைப்பர். கதையைப் பிழையின்றிச் சொன்னால் அன்று நிகழ்ந்தது இன்றும் நிகழும். ஆகவே சொற்களை மறப்பது, மருந்தைத் தொலைப்பதற்கு ஒப்பாகும்.

உலகைச் சீர்செய்தல்

வியர்வை இல்லத்தின் பெருமையை முழுமையாகக் காட்டுவது 'பிக்யவிஷ்' என்னும் ஆண்டுச் சடங்கு. 'இக்யவ்' என்றால் செய். அதன்முன் மீண்டும் என்னும் பொருளுடைய ஒட்டுச் சேர்ந்து 'பிக்யவ்' ஆனால் சீர்செய், செப்பனிடு என்று பொருள். உலகம் ஓராண்டில் தேய்ந்து தளர்ந்துவிடுகிறது. அதனை மனிதர் செப்பனிட வேண்டும் என்பதே சடங்கின் கருத்து. சால்மன் மீன் ஆற்றில் ஏறிவரவும், கருவாலிக் கொட்டை விளையவும், நோய் அகலவும் அது நிகழ்த்தப்பெறும். கோடையின் இறுதியை ஒட்டி இது நடைபெறும். சால்மன் ஆறும் கிளமாத்தும் கூடுமிடத்திற்கு அருகிலுள்ள கட்டிமின், அதற்குக் கீழே பனம்னிக், மேலே இனாம் ஆகியவை இச்சடங்கிற்குரிய ஊர்கள்.

'ஃபதவேனன்' எனப்படும் சடங்குத் தலைவர் பத்து நாள் அளவு புனித வியர்வை இல்லத்தில் தங்கி நோன்பிருப்பார். நாள்தோறும் குறித்த வழிகளில் மலையேறி, குறித்த இடங்களில் தீ மூட்டி, முன்னோர் உயிர்கள் செய்தவற்றைத் தாமும் செய்து, வேண்டுதல் உரைத்து மீள்வார். வியர்த்து, ஆற்றில் நீராடுவார். ஆண்கள் நாள்தோறும் செய்துவந்த விறகேற்றமும் வியர்வையும் நீராடலும் இங்கே ஊருக்காக, உலகுக்காகச் செய்யப்படுகின்றன. செயல் அதுவே; அதன் பயன்தான் விரிந்துவிட்டது.

> தெரிந்து தெளிவோம்
>
> கருக் ஊர்ப்பெயர்களிலும் 'ராம்' என்னும் இட ஒட்டைக் காணலாம். இளவேனிலில் முதல் சால்மன் மீனுக்குரிய சடங்கு நடந்த ஊர் அமேக்யாராம். 'ஆம' என்பது சால்மன்; 'இக்யவ்' என்பது செய். சால்மனை உண்டாக்குமிடம் என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள்.

எரிந்த ஊர்களும் எஞ்சிய சொற்களும்

1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. 1850ஆம் ஆண்டையொட்டி, தங்கம் தேடுவோர் கிளமாத் பள்ளத்தாக்கில் பெருந்திரளாக நுழைந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் ஆற்றங்கரை ஊர்கள் பல எரிக்கப்பட்டன. மக்கள் மலைகளுக்கு ஓடினர். பலகை வீடு எரியும்போது குடும்ப வீட்டோடு வியர்வை இல்லமும் எரியும். அங்கே இரவுதோறும் நடந்துவந்த கல்வியும் நின்றுபோகும். 1851, 1852 ஆகிய ஆண்டுகளில் கலிபோர்னியப் பழங்குடியினரோடு அரசு செய்துகொண்ட 18 உடன்படிக்கைகளையும் அமெரிக்க மேலவை ஏற்கவில்லை. அவ்வாவணங்கள் 1905 வரை வெளியில் காட்டப்படாமல் இருந்தன. பிற்காலத்தில் பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட தலைமுறை, தம் பிள்ளைகளுக்கு அதனைக் கற்றுத்தரத் தயங்கியது.

எஞ்சிய சொற்களை எழுத்தில் பதிந்தவர்களுள் இருவரை அறிவது நன்று. ஜான் ஹாரிங்டன் என்பவர் புகையிலை பற்றிய கருக் மரபுகளைத் தொகுத்து 1932இல் பெருநூலாக வெளியிட்டார். ஆண்கள் உறங்கும் முன் வியர்வை இல்லத்தில் புகைக்குழாய் பிடித்த வழக்கம் அவ்வாய்வோடு தொடர்புடையது. அவருக்கு மொழியையும் மரபையும் எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் இம்க்யன்வன் என்னும் கருக் பெண்மணி.

மற்றவர் வில்லியம் பிரைட். 1949இல், இருபது வயதைச் சற்றே கடந்த மாணவராகக் கிளமாத் பள்ளத்தாக்கிற்கு வந்தார். முதியோரிடம் ஓயாமல் சொற்களைக் கேட்டுக்கொண்டிருந்த அவருக்கு, 'சொற்களைக் கேட்கும் சிறியவர்' என்னும் பொருளில் கருக் மொழியிலேயே பெயர் சூட்டினர். அவருடைய இலக்கண நூல் 1957இல் வெளிவந்தது. 2005இல், கருக் இனத்தைச் சேர்ந்த சூசன் கெர் என்பவரோடு இணைந்து அகராதி ஒன்றை வெளியிட்டார். முதலில் வெளியிலிருந்து வந்தவர் எழுதினார். பின்னர் அம்மக்களுள் ஒருவரே உடன் எழுதினார் என்னும் மாற்றம் சிறிதன்று. இன்று முதியோர் ஒருவரோடு இளையவர் ஒருவர் பல மணிநேரம் கருக் மொழியில் மட்டுமே பேசிப் பழகும் முறையில் மொழி கற்பிக்கப்படுகிறது. பிறந்தது முதல் அம்மொழியைப் பேசி வளர்ந்தோர் மிகச் சிலரே எஞ்சியுள்ளனர்.

மலையும் ஆறும்

சொல் மீண்டால் போதுமா? இக்மஹச்ராம் என்னும் சொல்லை ஒருவர் கற்கலாம், கட்டடத்தைக்கூட எழுப்பலாம். விறகுக்கு மலை வேண்டும். குளியலை முடிக்க ஆறு வேண்டும். கருக் மக்களின் அண்மைக்கால வரலாறு இவ்விரண்டிற்குமான போராட்டமாகவே அமைந்தது.

கருக், யுரோக், தொலோவா மக்கள் நோன்பிருந்து வேண்டும் உயர்மலைப் பகுதி வழியாகச் சாலை அமைக்க வனத்துறை முயன்றது. மக்கள் வழக்குத் தொடுத்தனர். 1988இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சாலைக்குத் தடையில்லை என்றது. சாலை தங்கள் வழிபாட்டைச் சிதைக்கும் என்று மக்கள் எடுத்துரைத்தும், நிலம் அரசுக்குரியது என்பதே மேலோங்கியது. ஆயினும் பின்னர் நாடாளுமன்றம் இயற்றிய பாதுகாப்புச் சட்டத்தால் அச்சாலை நிறைவு பெறவேயில்லை.

ஆற்றின் நிலை வேறு. மேற்பகுதியில் மின்னாக்கத்திற்காக நான்கு அணைகள் எழுந்தன. அவற்றுள் பழைமையானது நூறாண்டைக் கடந்தது. சால்மன் மீன்கள் அவற்றைத் தாண்டி மேலேற முடியவில்லை. தேங்கிய நீர் கோடையில் சூடேற, நச்சுத்தன்மையுடைய நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. அந்நஞ்சு கீழே ஆற்றிலும் கலந்தது. 2005 முதல், நீரில் இறங்கவேண்டாம் என்னும் எச்சரிக்கைகள் கோடைதோறும் வெளியாயின. பாசி மிகும் காலமும் பிக்யவிஷ் நிகழும் காலமும் ஒன்றே என்பதை இங்கு நினைவில் கொள்க. நோன்பிருந்து வியர்த்த ஒருவர் தூய்மை பெறுவதற்காக இறங்கும் நீரே நஞ்சாகியிருந்தது. மக்கள் இதனை மீன்வளச் சிக்கலாக மட்டும் முன்வைக்கவில்லை. தங்கள் சடங்கு நீராடலும் ஆற்றின் பயன்பாடுகளுள் ஒன்று என வாதிட்டனர். குடிநீர், பாசனம், மீன்பிடிப்பு ஆகியவற்றோடு பழங்குடிப் பண்பாட்டுப் பயன்பாடும் அப்பகுதி நீர்த்தர விதிகளில் இடம்பெற்றது.

பல ஆண்டுப் போராட்டத்திற்குப் பின் 2023இல் முதல் அணை அகற்றப்பட்டது. எஞ்சிய மூன்றும் 2024இல் அகற்றப்பட்டன. பல்லாண்டுகளாகத் தேங்கிய வண்டல் கரைந்து, ஆறு சில மாதங்கள் சேறாக ஓடியது. அவ்வாண்டு அக்டோபரில், அணைகள் நின்ற இடங்களையெல்லாம் கடந்து, ஒரிகான் மாநிலக் கிளையாறு ஒன்றில் சின்னூக் சால்மன் காணப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக அம்மீன் எட்டாத இடம் அது. கருக் மக்களின் சொல்லில் சொன்னால், 'கருக்' திசையில் வெகுதொலைவு.